மேலக்கொல்லையின் எட்டரை மணிக் குறிப்பு

எங்கள் திருப்பத்தூர் அலுவலகத்தில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, பதிவு வரிகளைத் திரட்டி அனுப்பும் லாக் ஏஜென்ட் மென்பொருள் பற்றி ஒரு மணி நேரம் பேசும்படி மேலாளர் தனபால் சார் என்னிடம் சொன்னார். பேச வேண்டாம், எழுதித் தருகிறேன் என்றேன். அவர் வியந்துபோனார். பள்ளியில் தொடங்கிக் கல்லூரி முடியும் வரை நான் ஏறிய பேச்சு மேடைகளில், பரிசு இல்லாமல் இறங்கியவை மிகச் சில. அப்படிப்பட்டவள் ஏன் மைக்கை வேண்டாம் என்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்கு விடை கீழே இருக்கிறது.

1. பால் வண்டி

வேலையில் சேர்ந்த முதல் நாள், தனபால் சார் ஒரு டம்ளர் டீயை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்: "கோமதி, ஒடுகத்தூர்தானே நீ? பால் வண்டி பாத்துக்கீறியா?"

"நன்றாகவே பார்த்திருக்கிறேன் சார்."

"இன்னாமா, மைக்கு இல்லாமயே மைக்குல பேசறே? சரி, கேளு. ஊர் ஊரா போயி பால் எடுக்கறது இன்புட்டு. ஈ கீ வுழுந்திருந்தா எடுத்துப் போடறது ஃபில்டரு. ரோடு சரியில்லன்னா கேன்லயே வெச்சிருக்கறது பஃபரு. டவுனுக்கு வந்து ஊத்தறது அவுட்புட்டு. நாலும் தனித்தனி மாட்யூலு. வேணும்னா மாட்டு, வேணாம்னா கழட்டு. அவ்ளோதாம்மா ஏஜென்ட்டு."

அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை எங்கும் படித்ததில்லை.

எங்கள் வண்டி எடுத்துவந்த பால், ஜவ்வாது மலையின் ஏழு மழை நிலையங்களிலிருந்து வரும் லாக் வரிகள். நிலையம் என்றால் ஒற்றை அறை; அதற்குள் நாங்கள் டப்பா என்று அழைக்கும் சிறு கணினி. வெளியே, சொந்த பேட்டரியில் இயங்கித் தானாகவே மழையை அளக்கும் கருவி. அதன் அருகே பழைய முறை மழைமானி. தினமும் காலை எட்டரை மணிக்கு நிலையக் காப்பாளர் அந்த மழைமானியின் நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கண்ணால் அளந்து, டப்பாவில் பதிய வேண்டும். தானியங்கிக் கருவியில் ஒரு புளிய இலை அடைத்துக்கொண்டாலும் கணக்கு பொய்த்துவிடும். அந்தப் பொய்யைப் பிடிப்பது அந்தக் கண்ணாடிக் குவளை; சுருக்கமாக, கண்ணாடி. காப்பாளர் என்ற வேலை மலையில் இருந்ததே அதற்காகத்தான்.

அவர் நிரப்ப வேண்டியவை மூன்று புலங்கள்: அளவு, கருவியின் நிலை, குறிப்பு.

பதிந்த வரி உடனே எங்களை வந்தடையாது. வரிகளைக் கீழே கடத்த எதிர் முகட்டில் நிற்கும் ரிலே கருவி சோலாரில் ஓடுவது. வெயில் ஏறினால்தான் அது விழிக்கும். எனவே எட்டரை மணி வரிகள் பஃபரில் காத்திருந்து, பத்து மணி அளவில் திருப்பத்தூருக்கு இறங்கும். நேரமுத்திரை மட்டும் எட்டரை என்றே இருக்கும். கீழே எப்போது சேர்ந்தாலும், மேலே எப்போது எழுதப்பட்டது என்பதே ஒரு வரிக்கு அடையாளம்.

2. வண்டையும் சேர்த்தால்

ஆறு நிலையங்களில் குறிப்புப் புலம் வெறுமையாக வரும். மிஞ்சிப் போனால் 'ஓகே' என்று வரும். ஏழாவது நிலையம் மேலக்கொல்லை. அதன் காப்பாளர் மாதேஷ். சாமையும் புளியும் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்து, திருப்பத்தூரில் பட்டம் படித்து, மலைக்கே திரும்பிவிட்டவர். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

சேர்ந்த இரண்டாம் வாரம் நான் படித்த வரி இது: "மழை 12.4. கண்ணாடிக்குள் ஒரு வண்டு. வண்டையும் சேர்த்தால் 12.6. சேர்க்கவில்லை."

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். மறுநாள் பத்து மணிக்கு முன்பே திரையின் முன் அமர்ந்தேன்.

"மழை 0. பனி மட்டும். பனியை அளக்கக் கண்ணாடி இல்லை."

"மழை 3.0. அண்ணி இதை மழை என்று ஒப்புக்கொள்ளவில்லை. நான் பதிந்துவிட்டேன்."

நான் பேச்சுக்குப் பழகியவள். ஒரு கருத்தைச் சொல்ல எனக்கு முன்னுரையும் மூன்று உவமைகளும் முத்தாய்ப்பும் தேவைப்பட்டன. இந்த மனிதருக்கு ஒன்றரை வரி போதுமாக இருந்தது. அதில் எனக்குப் பொறாமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவருக்குப் பதில் எழுத ஒரு வழியையும் கண்டுபிடித்தேன். ஏஜென்ட்டின் மாட்யூல்களைப் பொருத்தும் கான்ஃபிக் ஃபைலை நாங்கள் இங்கிருந்து மேலே அனுப்புவோம். அதில் # குறியிட்டு எழுதும் வரியை ஏஜென்ட் படிக்காது. ஃபைலைத் திறந்து பார்க்கும் மனிதர் மட்டுமே படிக்க முடியும். அந்த இடத்தில் ஒரு நாள் எழுதினேன்: "# வண்டு நலமா?"

மறுநாள் குறிப்புப் புலத்தில் பதில் வந்தது: "மழை 0. வண்டு பறந்துவிட்டது. விசாரித்ததாகச் சொல்ல முடியவில்லை."

அதன்பின் என் # வரி மேலே போகும். அவர் குறிப்பு கீழே வரும். மேலக்கொல்லையில் போன் எடுக்காது. சிக்னல் வேண்டுமானால் ஒரு மேடு ஏற வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வரிதான். அந்த ஒரு வரியை மாலை வரை மனதுக்குள் வைத்திருக்க நான் கற்றுக்கொண்டேன்.

நேரில் பார்த்தது, உதிரிபாகம் மாற்ற மலையேறிய இரண்டு முறை மட்டும். முதல் முறை அவர் கேட்டார்: "இன்னாங்க மேடம், கம்ப்யூட்டர்ல பாத்த மலையும் நேர்ல பாத்த மலையும் ஒண்ணாதான் கீதா?"

நான் இயற்கையும் இயந்திரமும் என்ற பொருளில் ஐந்து நிமிடம் விடையளித்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எட்டரை ஆயிடுச்சுங்க" என்று சொல்லி மழைமானியிடம் போய்விட்டார்.

அலுவலகத்தில் என்னைவிட மூத்த ஆண்கள் எல்லாரையும் நான் அண்ணா என்றே அழைப்பேன். மாதேஷும் என்னைவிட மூத்தவர்தான். அவரை மட்டும் நான் எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை.

3. உதறும் மாட்யூல்

மாசி மாதத்தில் வேறொரு நிலையத்தின் டப்பா, தான் எதுவரை அனுப்பினோம் என்ற நினைவை இழந்தது. ஐந்து மாத லாக்கை முதல் வரியிலிருந்து மறுபடி அனுப்பத் தொடங்கியது. நிலையக் கணக்குகள் ஓடும் எங்கள் திரைப் பலகையில் ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் ஒரே காலையில் கொட்டின.

"இன்னாமா இது, மலையே கரைஞ்சு வர்ற மாதிரி கீது!" என்று தனபால் சார் எழுந்து நின்றுவிட்டார்.

அரை மணி நேரத்தில் நான் ஒரு ஃபில்டர் எழுதினேன். இரண்டு நாளுக்கு மேல் பழைய நேரமுத்திரை உள்ள எந்த வரியையும் அது கீழே அனுப்பாமல் உதறிவிடும். ஏழு நிலையங்களுக்கும் அந்தக் கான்ஃபிக்கைத் தள்ளினேன். பலகை தெளிந்தது, அறையில் கைதட்டினார்கள். கைதட்டல் எனக்குப் புதிதல்ல என்றாலும், ஒருபோதும் பழையதாகாது.

இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு நாளும் எத்தனை வரிகளை உதறினேன் என்று ஏஜென்ட் தன் சொந்த லாக்கில் எழுதும். பலகையில் அது இடத்தை அடைத்தது. வேண்டாம் என்று எறிந்ததை எண்ணிக்கொண்டிருப்பானேன் என்று அந்த அறிக்கை பலகைக்கு வராமல் நிறுத்தினேன். மேலக்கொல்லையின் கான்ஃபிக்கில் மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதினேன்: "# இன்று எனக்குக் கைதட்டினார்கள்."

"மழை 0. இங்கிருந்தும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது.

4. மின்னல்

வைகாசியில் கோடை மழையோடு வந்த மின்னல், மேலக்கொல்லை டப்பாவைக் கருக்கிவிட்டது. அலமாரியில் எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பழைய டப்பா. அதை மேலே அனுப்பினோம். மாதேஷ் மேடேறிப் போன் செய்தபோது தனபால் சார் சொன்னார்: "தம்பி, சாயங்காலம் பூட்டும்போது மெயினை ஆஃப் பண்ட்டு போ. காலையில வந்து போடு. இதுவும் போச்சுன்னா என்னாண்ட வேற டப்பா இல்ல."

அந்தப் பேச்சு நடந்தபோது நான் அடுத்த மேசையில்தான் இருந்தேன். மெயினை அணைப்பது மலையில் கருவி வைத்திருக்கும் எல்லாருக்கும் பழக்கமான முன்னெச்சரிக்கை. அதில் எனக்கு யோசிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

மின்னலுக்கு முந்தைய வாரம் நான் ஒரு # வரி எழுதியிருந்தேன். திருப்பத்தூரில் ஒரு நூலக விழாப் பட்டிமன்றம். வாழ்வில் நிறைவு தருவது ஊரா, நகரமா என்பது தலைப்பு. நான் நகர அணி. "# வர முடியுமா?" என்று கேட்டிருந்தேன். அவ்வளவு சிறிய வாக்கியத்தை நான் அதுவரை எழுதியதில்லை.

"பஸ் கிடைத்தால்" என்று பதில் வந்தது.

பழைய டப்பா மேலே போன பிறகு மேலக்கொல்லையிலிருந்து குறிப்பு வரவில்லை. குறிப்பு மட்டுமல்ல, எட்டரை மணி வரியே வரவில்லை. பத்து மணிக்குப் பிறகு தானியங்கிக் கருவியின் வரிகள் மட்டும் ஒழுங்காக வந்தன. அதாவது டப்பா வேலை செய்கிறது, இணைப்பு வேலை செய்கிறது, மனிதர் மட்டும் இல்லை. லாக் அப்படித்தான் சொன்னது.

பட்டிமன்றத்தில் நான் வென்றேன். பேசும்போது முன் வரிசைகளில் தேடினேன். அவர் தென்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவரே மேடேறிப் போன் செய்தார். அலுவலக எண்ணுக்கு வந்த அழைப்பை நான்தான் எடுத்தேன்.

"எட்டரை ரீடிங் வரலன்னு சார் சொன்னாருங்களாமே. நான் போட்டேனே?"

"லாக்கில் இல்லை."

"திரும்பவும் போடட்டுங்களா?"

"பழைய அளவைப் பிறகு போட்டால் யார் நம்புவார்கள்? விடுங்கள்."

"நோட்டு பாத்தீங்களா மேடம்?" என்றார்.

"எந்த நோட்டும் வரவில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். பட்டிமன்றத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்க என் தன்மானம் இடம்தரவில்லை. வந்திருந்தால் அவராகவே சொல்லியிருப்பார் என்று எனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பட்டிமன்றத்துக்கு மறுநாள் முதலே # வரி எழுதுவதையும் நிறுத்தியிருந்தேன்.

ஆனால் பத்து மணிக்குத் திரையின் முன் அமர்வதை நிறுத்த முடியவில்லை. தானியங்கிக் கருவியின் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். அவற்றுக்கு நடுவே ஒரு வண்டோ ஓர் அண்ணியோ வருவார்களா என்று பார்த்திருப்பேன். வரவில்லை என்றானதும், வராத கோபத்தோடு வேலையைத் தொடங்குவேன். ஆவணி வரை அப்படியே போனது.

5. சாட்சி

ஆவணியில் எங்களுக்கு வேலை தந்த நிறுவனத்தின் அலுவலர் ஒரு மறுஆய்வுக் கூட்டம் வைத்தார். மெலிந்த, கண்டிப்பான அம்மையார். எட்டரை மணிக் கணக்கு பல வாரமாக வராத நிலையத்துக்குக் காப்பாளர் எதற்கு என்பது அவர் கேள்வி. மாதேஷின் வேலை அந்தக் கேள்வியில் தொங்கியது. அவரையும் கீழே வரச் சொல்லியிருந்தார்கள். துவைத்த வெள்ளைச் சட்டையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

லாக் பற்றி விளக்க என்னை எழுப்பினார்கள். நான் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மேடைப் பயிற்சியின் நன்மையும் தண்டனையும் அதுதான்.

"நான் எந்த மனிதர் மீதும் குற்றம் சாட்டவில்லை. வரிகளைச் சாட்சிக்கு அழைக்கிறேன். கருவி விழித்திருந்தது என்று வரி சொல்கிறது. இணைப்பு விழித்திருந்தது என்று வரி சொல்கிறது. காப்பாளர் விழித்திருந்தார் என்று சொல்ல ஒரு வரிகூட முன்வரவில்லை. மனிதர் மறப்பார், மழுப்புவார், மன்னிப்புக் கேட்பார். லாக்குக்கு அந்த மூன்றும் தெரியாது."

அம்மையார் மாதேஷைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"தினமும் போட்டேங்க."

"எட்டரைக்கா?"

"எட்டரைக்குங்க."

"போட்டிருந்தால் அவை எங்கே?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அது உங்களுக்குத்தான் மேடம் தெரியணும். மேல எழுதறது வரைக்கும்தான் என் வேலை."

"அப்படியானால் வரிகள் மலையிலிருந்து புறப்பட்டு, வழியில் பஸ் மாறி வேறு ஊருக்குப் போய்விட்டன போலும்" என்றேன்.

அறையே சிரித்தது. மாதேஷும் கொஞ்சம் சிரித்தார். எதிர் அணியில் இருப்பவர் என் நகைச்சுவைக்குச் சிரித்துவிட்டால் அந்த வாதம் முடிந்தது என்பது மேடையில் நான் அறிந்த விதி. முடிந்துதான் போனது. மேலக்கொல்லைக்கு இனிக் காப்பாளர் வேண்டாம் என்று எழுதினார்கள்.

இரண்டு நாள் கழித்து டப்பாவைச் சிமென்ட் பையில் சுற்றி அவரே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"பத்திரமா கீதுங்க. மின்னல் படல."

நான் கையெழுத்திட்டுச் சீட்டைக் கொடுத்தேன். அவர் எதையோ சொல்ல நின்றார் என்று இன்று தோன்றுகிறது. அன்று நான் தலையை நிமிர்த்தவில்லை.

6. அலமாரியில் இருந்தவை

மூன்று வாரம் கழித்து இன்னொரு நிலையத்துக்கு டப்பா தேவைப்பட்டது. மேலக்கொல்லை டப்பாவை அழித்துத் தயார் செய்யும்படி தனபால் சார் சொன்னார். மதியச் சாப்பாடு முடிந்து வந்து, அழிப்பதற்கு முன் வழக்கப்படி லாக் ஃபைலைத் திறந்தேன். இதை நினைவில் வையுங்கள்: ஏஜென்ட் மூல ஃபைலைப் படித்து அனுப்பும், மூலத்தைத் தொடாது. நாம் வழியில் எதை உதறினாலும், எழுதியவர் எழுதியது எழுதிய இடத்தில் இருக்கும்.

ஃபைலின் முதல் வரியின் தேதி விசித்திரமாக இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் பள்ளிச் சிறுமியாக இருந்த காலத்து ஒரு ஜனவரி முதல் தேதி. அடுத்த நாளின் வரிக்கும் அதே ஜனவரி முதல் தேதி. அதற்கு அடுத்த நாளுக்கும் அதுவே. பத்து மணிக்குப் பிறகான வரிகளுக்கு மட்டும் சரியான தேதி.

எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கணினி அணைந்திருக்கும்போதும் அதன் கடிகாரத்தை ஓட வைப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறு செல். இந்தப் பழைய டப்பாவில் அது செத்திருந்தது. மாலையில் மெயினை அணைத்ததும் கடிகாரம் நின்றது. காலையில் போட்டதும், தான் தயாரான நாளுக்கே திரும்பி எழுந்தது. பத்து மணிக்கு ரிலே விழித்த பிறகே அதற்குச் சரியான நேரம் கிடைத்தது. அதற்கு முன் மாதேஷ் பதிந்த எட்டரை மணி வரிகள் அத்தனையும் பழைய தேதியோடு நின்றன. இரண்டு நாளுக்கு மேல் பழையதை உதறு என்று நான் சொல்லியிருந்தேன். என் ஃபில்டர் என் பேச்சைத் தவறாமல் கேட்டது.

சொன்னபடி மெயினை அணைத்த ஒழுங்கான மனிதரின் வரிகளே காணாமல் போயின. ஒரு நாள் சோம்பலால் அணைக்காமல் விட்டிருந்தால், மறுநாள் வரி வந்து சேர்ந்திருக்கும். ஒரு நாள்கூட அவர் அப்படி விடவில்லை.

வரிகளைப் படித்தேன்.

"மழை 22.0. புது டப்பா. பழையதின் மணம் இன்னும் அறையில் இருக்கிறது."

"மழை 8.2. நேற்று பட்டிமன்றம் வந்தேன். கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றேன், இடமில்லை. முடிவதற்குள் பஸ் நேரமாகிவிட்டது. நகரம்தான் நிறைவு என்று நீங்கள் சொன்னபோது, போய்விடலாமா என்று எனக்கே தோன்றியது. காலையில் மழை அளக்கும் கண்ணாடியைப் பார்த்தேன். தோன்றவில்லை."

"மழை 0. கான்ஃபிக்கில் # வரி இல்லை."

"மழை 1.4. # இல்லை."

"மழை 0. # இல்லை. வேலை அதிகமோ."

"மழை 5.6. மேட்டில் நின்று போன் செய்தேன். குறிப்பு வரவில்லை என்றீர்கள். வராவிட்டாலும் எழுதுவதை நிறுத்த மனமில்லை. இது பழகிவிட்டது."

ஆவணி வரை, ஒரு நாளும் விடாமல். கடைசி வரி, கூட்டத்துக்குப் புறப்பட்ட காலையில் பதிந்தது: "மழை 0. வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறேன். இன்று கீழே வருகிறேன்."

பலகைக்கு வராமல் நிறுத்தியிருந்த ஏஜென்ட்டின் சொந்த அறிக்கையை அப்போதுதான் திறந்து பார்த்தேன். மேலக்கொல்லை, உதறியவை, நாள்தோறும் எண்ணிக்கை என்று அது சுத்தமாகச் சொன்னது. யாராவது கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும்.

7. பேசற பொண்ணு

அதே மாலை தனபால் சாரிடம் போனேன். அம்மையாரைப் போனில் அழைக்கச் சொன்னேன். அன்று நான் பேசியது நான்கு வாக்கியம்: வரிகள் இருக்கின்றன. உதறியது என் ஃபில்டர். அவர் ஒரு நாளும் தவறவில்லை. வேலையை அவருக்குத் திருப்பித் தர வேண்டும்.

அம்மையார், "அன்னைக்கு நீங்க அவ்வளவு நல்லா பேசாம இருந்திருந்தா நான் டப்பாவைத் திறந்து பாக்கச் சொல்லியிருப்பேன்" என்றார். வேலையைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறினேன். மேலக்கொல்லையில் மாதேஷ் வீட்டு வாசலில், கோடையில் சேர்த்து வைத்த புளியை அடித்துக்கொண்டிருந்த பெண், கையிலிருந்த கட்டையைக் கீழே வைக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குறிப்புகளில் மூன்று மில்லிமீட்டரை மழை என்று ஒப்புக்கொள்ளாத அண்ணி இவர்தான் என்று தெரிந்துவிட்டது. பெயர் அலமேலு.

"நீதானா அந்தப் பேசற பொண்ணு?"

"ஆமாங்க."

"அவன் பெங்களூரு போய்ட்டான். ஏதோ ஆபீசு வாசல்ல செக்யூரிட்டி. டவுனுதான் நல்லதுன்னு யாரோ மேடையில சொன்னாங்களாம்." ஒரு புளியம்பழம் கட்டையின் கீழ் உடைந்தது. "இப்ப இன்னாத்துக்கு வந்தே? மலைய வுட்டுப் போடான்னு அவனாண்ட இன்னொருவாட்டி பேசறதுக்கா?"

"தப்பு என்னுதுங்க. அவர்கிட்ட சொல்லணும்" என்றேன்.

அண்ணி கட்டையைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரும், பழைய காலண்டர் தாளில் எழுதிய ஒரு போன் நம்பரும் கொண்டுவந்தார்.

மேடேறி அழைத்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். கடிகாரம், மெயின், ஃபில்டர். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப நான் எழுதினதெல்லாம் படிச்சிட்டீங்களா?" என்றார் கடைசியில்.

"படிச்சேன். எல்லாத்தையும்."

"ம்."

"வேலை உங்களுக்கே திரும்பவும் உண்டு. வாங்க."

"இங்க ஒரு வருசம்னு ஒத்துக்கிட்டேனுங்க. ரூமுக்கு அட்வான்ஸ் எல்லாம் குடுத்தாச்சு. சொன்ன சொல்லு மாறக்கூடாதில்ல." பிறகு, "எட்டரைக்குத்தான் இங்கயும் ஷிப்ட்டு. கண்ணாடியை யாராவது பாக்கறாங்களா?" என்றார்.

"யாரும் இல்லை."

"அண்ணியைப் போடுங்க. கரெக்ட்டா பாப்பாங்க. பொய் சொல்ல மாட்டாங்க." பின்னால் யாரோ அவரைக் கன்னடத்தில் அழைத்தார்கள். "வர்றேங்க மேடம்" என்று வைத்துவிட்டார். வர்றேன் என்பது நம் ஊரில் விடைபெறும் சொல். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மேட்டில் வெகுநேரம் நின்றேன்.

8. இப்போது

புதியவர்களே, உங்களுக்கு நான் விட்டுச்செல்ல வேண்டிய வேலைப்பாடம் குறுகியது. எந்த மாட்யூலும் எந்த வரியையும் உதறக் கூடாது. தேதி சந்தேகத்துக்குரியதாக இருந்தால் அதற்கு அடையாளமிட்டுத் தனிப் பாதையில் அனுப்புங்கள். ஒரு மனிதர் தினமும் அந்தப் பாதையைப் படிக்கட்டும். ஏஜென்ட் தன்னைப் பற்றி எழுதும் லாக்கை முதலில் படியுங்கள். ஒரு வரி வரவில்லையென்றால், அது எழுதப்படவே இல்லை என்று சொல்லும் முன், நாம் அதை எங்கே தொலைத்தோம் என்று தேடுங்கள். லாக்கில் இல்லாததைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். நாவன்மை உள்ளவர் அதை அழைத்தால், அது வந்து அவர் விரும்பியதைச் சொல்லிவிடும்.

மேலக்கொல்லையின் காப்பாளர் இப்போது அலமேலு அண்ணி. புது செல் போட்ட டப்பா. மாலையில் மெயின் அணைகிறது. காலையில் கடிகாரம் சரியாகவே விழிக்கிறது. பத்து மணிக்கு அவர் வரி தவறாமல் வந்துவிடுகிறது. அளவு இருக்கும். நிலை இருக்கும். குறிப்பில் எதுவும் எழுதக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுக்கெல்லாம் எனக்கு இன்னா நேரமா கீது? அளவு சரியா வருதா இல்லியா?"

"சரியா வருதுங்க."

"அப்புறம் இன்னா?"

ஏஜென்ட்டில் இன்னொரு மாட்யூல் உண்டு. வெறுமையாக வரும் புலங்களை நீக்கிவிட்டு வரியைச் சுருக்கி அனுப்பும். இடம் மிச்சம், பலகையும் சுத்தம். ஆறு நிலையங்களுக்கு அதைப் பொருத்தியிருக்கிறேன், நீங்களும் பொருத்துங்கள். கான்ஃபிக்கைப் பார்க்கும்போது ஏழாவதில் மட்டும் அது இல்லை என்பதைக் கவனிப்பீர்கள். மறதி என்று எண்ணித் திருத்திவிட வேண்டாம்.

பத்து மணிக்கு மேலக்கொல்லை வரி இறங்கும். அளவு. நிலை. அவற்றுக்குப் பக்கத்தில், வெறுமையாக, குறிப்பு.